நடுவில் நாலடி

நவம்பர் 3, ஞாயிறு

இன்பாவுக்கு நாக்பூருக்கு மாற்றல். ஜனவரி முதல் வாரம் போய்ச் சேர வேண்டும்.

அவர் போவது பற்றி எனக்குக் கருத்து ஏதுமில்லை. அவருடைய பலகை போவது பற்றி உண்டு.

பின்னாளில் இதைப் படிக்கப்போகும் எனக்காக ஒரு குறிப்பு. நீ அப்போது போத்தனூர் குட்டி ரயில் சங்கத்தில் இருந்தாய். மொத்தம் நான்கு பேர். ஆளுக்கு நாலடியில் ஒரு பலகை. அதன்மேல் தண்டவாளம், ஸ்டேஷன், மரம், கட்டைவிரல் உயரத்தில் மனிதர்கள். அவரவர் பலகையை அவரவர் வீட்டில் கட்டுவது. ஞாயிற்றுக்கிழமை டாக்டர் தேவசகாயத்தின் பல் கிளினிக் மாடியில் அவற்றை வரிசையாகப் போட்டு போல்ட் முடுக்கினால் பதினாறடி ரயில் பாதை. இடது கோடியில் டாக்டரின் மலை (பல் அச்சு எடுக்கும் மாவால் செய்தது, அதனால் கொஞ்சம் இளஞ்சிவப்பு). அடுத்து பேக்கரி வைத்திருக்கும் கமலவேணி அக்காவின் ஊர். அடுத்து இன்பாவின் ஸ்டேஷன். வலது கோடியில் என் ஸ்டேஷன்.

விலகுவது பற்றிச் சங்கத்தில் ஒரே ஒரு விதி. விலகுபவர் தன் பலகையையும் எடுத்துக்கொண்டு போக வேண்டும். முன்பு ஒருவர் பலகையை விட்டுவிட்டுத் துபாய் போனார். அடுத்தவர் பலகையைத் தொடக் கூடாது என்று நாங்கள் யாரும் தொடவில்லை. கரையான் தொட்டது. அதற்குப் பிறகு வந்த விதி. கொண்டுவந்ததே இன்பாதான்.

"அப்ப நடுவுல நாலடி ஓட்டை," என்றார் டாக்டர். "ஜனவரில கண்காட்சி இருக்கு. அங்க வந்து வண்டி என்ன பறக்குமா?"

"பறக்கட்டுமுங்க. டிக்கெட் ஏத்திப்போடலாம்," என்றார் கமலவேணி அக்கா.

"மன்னிச்சுக்கங்க டாக்டர்," என்றார் இன்பா. "லிஃப்ட் கம்பெனி. ஆளை மேல அனுப்பறதும் கீழ அனுப்பறதும்தான் அவங்க தொழிலே."

இன்பா லிஃப்ட் பராமரிப்புப் பொறியாளர். வாரம் முழுக்க மேலும் கீழுமாகப் போய்வருவதால் ஞாயிற்றுக்கிழமையாவது பக்கவாட்டில் போகலாம் என்று சங்கத்தில் சேர்ந்தவர்.

அவருடைய பலகைக்குப் பதிலாக இன்னொரு பலகை கட்ட வேண்டும். யார் கட்டுவது என்று டாக்டர் கேட்டார். இல்லை, கேட்கப்போனார். அதற்குள் நான் கை தூக்கியிருந்தேன்.

நவம்பர் 5, செவ்வாய்

கல்லூரி. இரண்டாம் ஆண்டு தத்துவ வகுப்புக்கு இன்று பாடம்: இன்மை. 'தரையில் குடம் இல்லை' என்கிறோமே, எதைப் பார்த்துச் சொல்கிறோம்? தரையையா, குடத்தையா? இல்லாத ஒன்றைக் கண் எப்படிப் பார்க்கிறது?

கடைசி பெஞ்சில் ஒரு பெண்: "மேம், குடத்தை யாராவது எடுத்துட்டுப் போயிருப்பாங்க."

ஆயிரத்தைந்நூறு வருட விவாதம். வகுப்பு சீக்கிரம் முடிந்தது.

நவம்பர் 10, ஞாயிறு

ஓட்ட நாள்.

பக்கத்துப் பலகைக்காரர் 'லைன்' கொடுக்காமல், அதாவது பாதை காலி என்று சொல்லாமல், வண்டியை அனுப்பக் கூடாது. நிஜ ஸ்டேஷன் மாஸ்டர்கள் அப்படித்தான் செய்கிறார்கள் என்று டாக்டர் இதில் கறார். ஒவ்வொரு இணைப்பிலும் இரண்டு காலிங் பெல். நான் பொத்தானை அழுத்தினால் இன்பாவின் பலகையில் டிங்-டாங். அனுப்பலாமா? அவர் அழுத்தினால் என் பலகையில் குருவி கத்தும். அனுப்பலாம். (நான் வாங்கப் போன அன்று எலெக்ட்ரிக் கடையில் குருவிதான் இருந்தது.)

குருவி எப்போதும் தாமதமாகத்தான் கத்தும்.

"என்ன இன்பா, வண்டி நின்னுட்டே இருக்கு."

"பாசஞ்சர் இறங்கிட்டிருக்காங்க."

"உங்க ஸ்டேஷன்ல ஒரு ஆள்கூடக் கிடையாது."

"அதான் பிரச்சினை. இறங்கறவங்களுக்கு வழி சொல்ல ஆள் இல்ல. நேரமாகுது."

அவர் தன் ஸ்டேஷனில் மனிதர்களை வைப்பதில்லை. பெஞ்ச் உண்டு, குடிநீர்க் குழாய் உண்டு, தீயணைக்கும் வாளிகூட உண்டு, மணலோடு. ஆள் மட்டும் இல்லை. என் ஸ்டேஷனில் நாற்பது பேர். ஒருவர் தலையில் வாழைத்தார்.

நவம்பர் 12, செவ்வாய்

அம்மா: "பக்கத்து வீட்ல டீத்தூள் வாங்கினியா?"

வாங்கினேன். வடிகட்டிய பிறகு மிஞ்சும் சக்கை. மொட்டை மாடியில் காயவைத்துச் சலித்துப் பசை தடவித் தூவினால், குட்டி ரயிலின் பக்கத்தில் அசல் செம்மண். மூன்று வீட்டுச் சக்கை சேர்ந்தால் ஒரு வயல்.

"தத்துவம் படிச்ச பொண்ணு வீடு வீடாப் போய் சக்கை கேக்கறான்னு பேசறாங்க."

பேசட்டும். புதுப் பலகைக்கு நிறைய மண் வேண்டும்.

நவம்பர் 17, ஞாயிறு

இன்று அளவெடுப்பு.

எங்கள் பலகைகள் ஒரே அச்சில் வார்த்தவை அல்ல. சேரச் சேர ஒவ்வொருவர் வசதிக்குக் கட்டியவை. ஒரு முனையில் தண்டவாளம் முன்பக்கமாக ஒதுங்கியிருக்கும், இன்னொரு முனையில் பின்பக்கமாக. போல்ட் துளைகளும் அப்படியே. ஆகவே புதுப் பலகையின் இரு முனைகளும் இன்பா பலகையின் இரு முனைகளைப் போலவே அச்சாக இருக்க வேண்டும். அப்போதுதான் இந்தப் பக்கம் கமலவேணி அக்காவோடும் அந்தப் பக்கம் என்னோடும் சேரும்.

முறை எளிது. பலகையின் முனையில் ஓர் அட்டையை வைத்து, துளை இருக்கும் இடத்திலெல்லாம் ஊசியால் குத்துவது. அட்டை, அக்காவின் கேக் டப்பாவிலிருந்து. ஊசி, டாக்டரின் பழைய பல் ஊசி.

இன்பா அட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டார். நான் குத்தினேன்.

"விரலை எடுங்க. குத்திரும்."

"எடுத்தா அட்டை நகரும்."

"குத்தினா?"

"குத்தட்டும். நாக்பூர்ல போய்க் காட்டிக்கலாம். கோயம்புத்தூர்ல ஒரு ரயில் விபத்துன்னு."

குத்தவில்லை. துளை நான்கு, தண்டவாளத்துக்கு இரண்டு கோடு. பிறகு மறு முனை. அவர் சட்டையில் கிரீஸ் வாசனை. இது அளவெடுப்புக்குச் சம்பந்தமில்லாதது, எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

இரண்டு அட்டைகளையும் பையில் வைத்துக்கொண்டு வந்தேன்.

நவம்பர் 20, புதன்

ப்ளைவுட் வாங்கினேன்.

"எதுக்குங்க?" என்றார் கடைக்காரர்.

"ஒரு ஓட்டையை அடைக்கணும்."

"எலியா?"

நவம்பர் 24, ஞாயிறு

மழை. கூட்டம் இல்லை.

இவ்வளவு நீளமான நாளை யார் கேட்டது.

டிசம்பர் 1, ஞாயிறு

கமலவேணி அக்கா பப்ஸ் தட்டோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இன்பாவும் டாக்டரும் மலைச் சுரங்கத்துக்குள் கையை விட்டுக் கவிழ்ந்த பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

"ஏங்கண்ணு, அந்தப் பையன்கிட்ட ஏதாச்சும் சொல்லோணும்னா சொல்லிப்போடு."

"என்ன சொல்லணும்க்கா?"

"எனக்கென்ன தெரியும். உனக்குத்தான் தெரியோணும்."

"எனக்கும் ஒண்ணும் இல்லக்கா."

"சரி, ஒண்ணும் இல்லைன்னா ஒண்ணும் இல்ல. பப்ஸ் எடுத்துக்க. அது சூடு ஆறினா நல்லாருக்காது."

எடுத்துக்கொண்டேன். வாயில் பப்ஸ் இருந்தால் பேச வேண்டியதில்லை. பப்ஸின் பயன்களில் ஒன்று.

டிசம்பர் 4, புதன்

பலகைக்குத் துளையிட உட்கார்ந்தேன். அட்டையைப் பார்த்தேன். எடுத்து வைத்துவிட்டேன். விடைத்தாள் திருத்த வேண்டியிருந்தது.

டிசம்பர் 8, ஞாயிறு

இன்பா நாக்பூரில் வீடு பிடித்துவிட்டார். நான்காம் மாடி. லிஃப்ட் இல்லை.

"வேலையை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம்னு," என்றார்.

"பலகை ஏறுமா, நாலு மாடி?" என்றேன்.

"ஏத்தணும்."

"ஒரு பலகைல என்ன பண்ணுவீங்க? வண்டி கிளம்பி, நாலடி போய், நின்னுடும்."

"திரும்பி வரும்."

"போரடிக்காதா?"

"அடிக்கும்," என்றார். பிறகு குடிநீர்க் குழாயைத் துடைக்க ஆரம்பித்தார். அது மிகச் சிறிய குழாய். வெகுநேரம் துடைத்தார்.

டிசம்பர் 13, வெள்ளி

புதுப் பலகை கிட்டத்தட்ட முடிந்தது. அட்டையை ஒட்டித் துளையிட்டேன், தண்டவாளம் பதித்தேன். மண் இன்னும் போடவில்லை. எந்த ஊர் மண் என்று முடிவு செய்யாமல் எப்படிப் போடுவது?

அம்மா வந்து பார்த்தாள். "இது எதுக்கு?"

"இன்பாவோட பலகைக்குப் பதிலா."

"அந்தத் தம்பி எங்க போகுது?"

சொன்னேன். அம்மா உள்ளே போனாள். சமையலறை டீத்தூள் டப்பாவை முழுசாகக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். சக்கை இல்லை, புதுத்தூள். அம்மாவுக்கு இதெல்லாம் ஒன்றும் புரிவதில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 22, ஞாயிறு

சேரவில்லை.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இன்பா தன் பலகையை வரிசையிலிருந்து கழற்றி ஓரமாக வைத்தார். அந்த நாலடி இடைவெளியில் நான் என் புதுப் பலகையைப் பொருத்தினேன். என் முனையில் துளைகள் ஒத்துவரவில்லை. தண்டவாளம் நான்கு விரல் தள்ளி நின்றது. அக்காவின் முனையிலும் அப்படியே. பலகையைத் திருப்பிப் போட்டோம். ஊகூம். கவிழ்த்துப் பார்க்கலாமா என்றார் அக்கா. வண்டி கூரையிலா ஓடும் என்றார் டாக்டர்.

பிறகு டாக்டர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அட்டைகளை வாங்கிப் பார்த்தார். சிரிக்க ஆரம்பித்தார்.

"சுடர்மா, அட்டையோட எந்தப் பக்கத்தைப் பலகைல ஒட்டின?"

"வெள்ளைப் பக்கத்தை."

"குத்தும்போது எந்தப் பக்கம் இன்பா பலகைமேல இருந்துச்சு?"

யோசித்தேன். வெள்ளைப் பக்கம் என்னைப் பார்த்து இருந்தது. அதில்தான் அவருடைய விரல்கள்.

"பழுப்புப் பக்கம்," என்றேன்.

"அதான். திருப்பி ஒட்டிட்ட. இடம் வலமாச்சு, வலம் இடமாச்சு." டாக்டர் உற்சாகமாகிவிட்டார். தொழில் பேசக் கிடைத்துவிட்டது. "இப்பப் பாரு. நான் ஒருத்தருக்குப் பல்லு அச்சு எடுக்கறேன். அந்த அச்சு பல்லு மாதிரியா இருக்கும்? பல்லு போய் உக்கார்ற குழி மாதிரி இருக்கும். அந்தக் குழிக்குள்ள மறுபடி மாவு ஊத்தினாத்தான் பல்லு. நீ அச்சையே பல்லுன்னு வச்சுட்ட."

"அப்படின்னா?" என்றார் கமலவேணி அக்கா.

"அப்படின்னா இது இன்பாவோட பலகை இருந்த இடத்துல உக்காராது. இன்பாவோட பலகைமேலதான் போய் உக்காரும்."

இன்பா எழுந்து போய் ஓரமாக இருந்த தன் பலகையை இழுத்தார். என் பலகையைத் திருப்பி அதன் முனையோடு வைத்தார். போல்ட்டை விட்டார். முடுக்கக்கூட வேண்டியிருக்கவில்லை, உள்ளே போய் நின்றது. மறு முனையிலும் வைத்துப் பார்த்தார். அங்கேயும் நின்றது. இரண்டு தண்டவாளமும் ஒரே கோடு. விரலை ஓட்டினார். தட்டவில்லை.

"ரெண்டு பக்கமுமா?" என்றார் அக்கா.

"ரெண்டு பக்கமும்," என்றார் டாக்டர். "நம்ம மூணு பேரோடவும் சேராது. அவன்கூட மட்டும் எப்படி வச்சாலும் சேரும். வேணும்னு செஞ்சாக்கூட இவ்ளோ சுத்தமா வராது."

"வேணும்னு செய்யலை," என்றேன். தேவையில்லாத சத்தத்தில்.

"அதைத்தாம்மா நானும் சொல்றேன்."

அக்கா பப்ஸ் தட்டை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனார். டாக்டரையும் கையைப் பிடித்துக் கூட்டிப் போனார். டாக்டருக்கு இன்னும் சொல்ல இருந்தது.

இன்பா பலகையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "கண்காட்சிக்கு என்னோடது இங்கயே இருக்கட்டும். வேற வழியில்ல."

"விதி?"

"விதிப்படி நான் ஒரு பலகை எடுத்துட்டுப் போகணும். இதை எடுத்துட்டுப் போறேன்."

"இது வெறும் பலகை. மண்கூடப் போடலை."

"தெரியுது."

டிசம்பர் 23, திங்கள்

அட்டை திரும்பிவிட்டது. யாருக்கும் நேரக்கூடிய பிழை. அன்று வெளிச்சம் குறைவு.

வெளிச்சம் குறைவாக இல்லை. ஜன்னல் பக்கம்தான் உட்கார்ந்திருந்தோம்.

டிசம்பர் 29, ஞாயிறு

இன்பாவின் கடைசி ஓட்ட நாள். அக்கா கேக் வெட்டினார். டாக்டர் பிரிவுப் பரிசாக இலவசமாகப் பல் சுத்தம் செய்துவிட்டார். மறுக்க வழியில்லை, நாற்காலி கீழ்த்தளத்திலேயே இருக்கிறது.

ஊசி போட்டு வீங்கிய உதட்டோடு மேலே வந்தவர் என்னிடம் கேட்டார்: "உங்க முனையோட அச்சு வேணும்."

"எதுக்கு?"

"அந்தப் பலகை ஒரு பக்கம் என்னோட சேருது. இன்னொரு முனையை மாத்தினா உங்களோட சேருமான்னு பாக்கணும்."

மரத்துப்போன உதட்டால் சொன்னதால் பாதிதான் புரிந்தது என்று பாவனை செய்து, இன்னொரு தடவை சொல்லவைத்தேன்.

புது கேக் டப்பா. இந்த முறை நான் பிடித்துக்கொண்டேன், அவர் குத்தினார். பழுப்புப் பக்கம், வெள்ளைப் பக்கம் எல்லாம் போதும் என்று பென்சிலால் அட்டையின் ஒரு பக்கம் 'இங்கே நான்' என்று எழுதினேன். மறு பக்கம் 'இங்கே நீங்கள்'. பொறியியல் குறிப்பு.

டிசம்பர் 31, செவ்வாய்

ஜங்ஷன் டீக்கடையில் சக்கை நிறையக் கிடைக்கும் என்று காலையில் அங்கே போனேன். தற்செயலாக அது இன்பாவின் வண்டி புறப்படும் பிளாட்பாரம்.

பலகையைப் போர்வையில் சுற்றிச் சீட்டுக்கு அடியில் செருகிக்கொண்டிருந்தார். எதிர் சீட்டு ஆள், "கேரம் போர்டுங்களா?" என்றார்.

"ஆமாங்க," என்றார் இன்பா. சுருக்கமாக முடித்துவிட.

"நீளமா இருக்கே?"

"ரெண்டு பேர் தள்ளித் தள்ளி உக்காந்து ஆடறது."

பிறகு ஜன்னலுக்கு வந்து என் கையிலிருந்த தூக்குச் சட்டியைப் பார்த்தார். "டீ கொண்டுவந்திருக்கீங்களா?"

"சக்கை."

"பரவால்ல."

"குடிக்க இல்ல. மண்ணுக்கு."

"பலகை என்கிட்ட இருக்கு. மண்ணு உங்ககிட்ட இருக்கு," என்றார்.

"கண்காட்சிக்கு வருவீங்களா?"

"புது ஆபீஸ். பத்து நாள்ல லீவு கேட்டா லிஃப்டுக்குள்ள வச்சுப் பூட்டிருவாங்க."

எங்கள் சங்க விதிப்படி பக்கத்து ஸ்டேஷன் சம்மதிக்காமல் வண்டி புறப்படக் கூடாது. ரயில்வேயில் யாரும் என்னைக் கேட்கவில்லை.

ஜனவரி 5, ஞாயிறு

ஒத்திகை. இன்பாவின் ஸ்டேஷனை யார் பார்ப்பது என்று டாக்டர் கேட்கப்போனார். கை தூக்கியிருந்தேன்.

ஜனவரி 9, வியாழன்

இன்பாவின் செய்தி: "லீவு கேட்டிருக்கேன். கிடைக்கும்னு தோணலை."

"பரவாயில்லை" என்று தட்டினேன். அழித்தேன். "சரி" என்று தட்டினேன். அழித்தேன். கடைசியில் மாடியில் காயும் டீத்தூளைப் படமெடுத்து அனுப்பினேன்.

அரை மணி கழித்துப் பதில்: "நல்ல நிறம்."

ஜனவரி 11, சனி

கண்காட்சி, முதல் நாள். பள்ளிக்கூட மண்டபம், முதல் மாடி. எங்களுக்கு இடப்பக்கம் போன்சாய் மரக்காரர்கள். வலப்பக்கம் அஞ்சல் தலைக்காரர்கள், எங்கள் பெல் சத்தம் பிடிக்காதவர்கள்.

நல்ல கூட்டம். டாக்டரின் மலையைப் பார்த்து ஒருவர், "இது என்ன கல்லுங்க?" என்றார். "ஈறு," என்றார் அக்கா.

நான் இரண்டு ஸ்டேஷனுக்கும் மாஸ்டர். என் பொத்தானை அழுத்துவேன். டிங்-டாங். மூன்று எட்டு வைத்து இன்பாவின் பக்கம் போவேன். பாதை காலியாக இருக்கிறதா என்று பார்ப்பேன். அங்கிருந்து அழுத்துவேன். குருவி. ஓடி வந்து வண்டியை அனுப்புவேன். எனக்கு நானே கேட்டு எனக்கு நானே கொடுத்தேன். ஒருமுறைகூடத் தாமதமில்லை. என்ன அலுப்பு.

"நீயே ரெண்டும் அமுத்தறதுக்கு எதுக்கு கண்ணு பெல்லு? சும்மா ஓட்டிப்போடு," என்றார் அக்கா.

"விதிக்கா."

மஞ்சள் கவுன் போட்ட ஒரு சின்னப் பெண் இன்பாவின் ஸ்டேஷன் முன்னால் வெகுநேரம் நின்றாள்.

"இந்த ஸ்டேஷன்ல ஏன் யாருமே இல்ல?"

இன்மை. ஆயிரத்தைந்நூறு வருடம். பாடம் எடுத்தவள் நான்.

"எடுத்துட்டுப் போயிட்டாங்க," என்றேன்.

ஜனவரி 12, ஞாயிறு

காலையில் கூட்டம் குறைவு. பதினொரு மணி வண்டி. என் ஸ்டேஷனிலிருந்து நீல நிறப் பெட்டிகள் மூன்று, இன்பாவின் பக்கம் போக வேண்டும். பொத்தானை அழுத்தினேன். டிங்-டாங். என் பிளாட்பாரத்தில் சரிந்த வாழைத்தார்க்காரரை நிமிர்த்தக் குனிந்தேன். அவரை நிறுத்திவிட்டுத்தான் அந்தப் பக்கம் போக வேண்டும்.

குருவி கத்தியது.

நான் அழுத்தவில்லை. என் இரண்டு கைகளிலும் வாழைத்தார்க்காரர்.

முதலில் வயர் கோளாறு என்று நினைத்தேன். நிமிர்ந்தேன். இன்பா, தூங்காத கண்களோடு, பொத்தான்மேல் விரலை வைத்தபடி. சுவரோரம் போர்வையில் சுற்றிய பலகை.

"லைன் குடுத்துட்டேன். வண்டியைக் காணோம்," என்றார்.

"இன்னிக்கு சீக்கிரம் குடுத்துட்டீங்க."

"வர்ற வழியில வண்டி நாலு மணி நேரம் லேட். எங்கேயாவது நேரத்தை ஈடு கட்டணுமில்ல."

"லீவு?"

"பொங்கலுக்கு விருதுநகர் போறேன்னு சொல்லியிருக்கேன். போகத்தான் போறேன். வழியில கோயம்புத்தூர்."

நாக்பூரிலிருந்து விருதுநகருக்குக் கோயம்புத்தூர் வழியில் இல்லை. நான் அதைச் சுட்டிக்காட்டவில்லை. வண்டியை அனுப்பினேன்.

மதிய இடைவேளையில் அவர் பலகையையும் என் பலகையையும் பிரித்தோம். நடுவில் புதுப் பலகையை வைக்க வேண்டும். அதற்கு என் பலகை நாலடி நகர வேண்டும். அதற்கு அஞ்சல் தலைக்காரர்கள் நகர வேண்டும். டாக்டர் போய்ப் பேசினார். அவர்களில் ஒருவருக்குக் கடைவாய்ப் பல்லில் வலி. நகர்ந்தார்கள்.

அவருடைய முனையில் போல்ட் அன்றுபோலவே போய் நின்றது. என் முனை. அவர் நாலாம் மாடியில் உட்கார்ந்து அறுத்து ஒட்டி மாற்றிய முனை. அட்டையைப் பார்த்துப் பார்த்துச் செய்ததாகச் சொன்னார். "எழுதியிருந்ததால தப்பு பண்ண முடியலை."

கீழ்த் துளைகள் சேர்ந்தன. மேல் துளைகளில் ஒரு மயிரிழை தகராறு. டாக்டர், "ஃபில்லிங் வைக்கலாமா?" என்றார். வேண்டாம் என்று ஒரு துண்டு அட்டையை இடையில் செருகினோம். போல்ட் போனது.

இருபதடி. முதல் வண்டி. நான் அழுத்தினேன், அவர் கொடுத்தார். வழக்கம்போலத் தாமதமாக. பெட்டிகள் என் ஸ்டேஷனை விட்டு அந்த வெற்றுப் பலகையில் ஏறும்போது ஒரு குலுக்கல். அக்கா மூச்சை இழுப்பது கேட்டது. தடம் புரளவில்லை. மரமில்லாத, மண்ணில்லாத நாலடியை மெதுவாகக் கடந்து அவர் பக்கம் போனது.

மஞ்சள் கவுன் இன்றும் வந்திருந்தாள். "இந்த ஊர்ல ஒண்ணுமே இல்லையே?"

"இனிமேதான்," என்றார் இன்பா.

சாயங்காலம் பிரித்தோம். டாக்டர் மலையைக் காரில் ஏற்றினார். அக்கா ஊரை வேனில் ஏற்றினார். இன்பாவின் ஸ்டேஷனும் என் ஸ்டேஷனும் அதே வேனில். புதுப் பலகை மட்டும் மண்டபத் தரையில் கிடந்தது.

அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். "அப்ப இது யாரோட பலகை? போறவங்க எடுத்துட்டுப் போகோணும்னா யாரு எடுக்கறது?"

"செஞ்சது சுடர்," என்றார் இன்பா.

"முனை இவரோடது," என்றேன்.

"இன்னொரு முனை உங்களோடது."

டாக்டர் வெகு தீவிரமாக யோசித்தார். "விதியில இதுக்கு இடமே இல்லையே."

"இருக்க வேண்டாமுங்க," என்றார் அக்கா. "நீங்க வாங்க, வண்டிச் சாவி எங்கன்னு தேடலாம்." சாவி அவர் கையிலேயே இருந்தது.

நாலடிப் பலகை. மண்கூடப் போடாதது. ஒருவரே கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விடலாம். ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினோம்.

"மெதுவா," என்றார்.

"நீ முன்னாடி பாத்து நட," என்றேன்.

ஜனவரி 13, திங்கள்

போகி. அம்மா வாசலில் பழையதை எல்லாம் போட்டுக் கொளுத்திக்கொண்டிருந்தாள். அந்த இரண்டு கேக் டப்பா அட்டைகளும் குவியலில் கிடந்தன. எடுத்துவிட்டேன்.

"அது தப்பா வந்துச்சுன்னு சொன்னியே?"

"ஆமா."

"அப்புறம்?"

மொட்டை மாடிக்குப் போனேன். பலகை அங்கே வெயிலில். பக்கத்தில் தாளில் பரப்பிய டீத்தூள், இன்னும் கொஞ்சம் ஈரம். புகைக்கு நடுவில் படமெடுத்து விருதுநகருக்கு அனுப்பினேன். காய மாட்டேங்குது என்று எழுதினேன்.

இன்பா: "மே மாசம் நாக்பூர்ல அரை மணி நேரத்துல காஞ்சிடும்."

மே மாதம் கல்லூரி விடுமுறை. மே மாத டிக்கெட்டை மார்ச்சில்தான் திறப்பார்கள்.

சோதித்துப் பார்க்கணும் என்று அனுப்பிவிட்டு, டீத்தூளைக் கிளறிவிட்டேன்.